ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. வளைகாப்பு முடிந்து ஒருவரின் மனைவி தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டால், "இனி உனக்கு சீசன்தான்" என்று நண்பர்கள் தோளில் தட்டுவார்கள். விடிகாலை நாலரைக்குக் கிளம்பலாம், மதியம் திரும்பலாம், கேட்க ஆளில்லை. சனிக்கிழமை ஒரு மலை, ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற நம் வழக்கம், பந்தயத்துக்குத் தயாராகும் ஆணுக்குத் தரும் அவகாசம் இது. அந்த மாதங்களில் தங்கள் வாழ்நாளின் சிறந்த உடல்தகுதியை எட்டியவர்களை நான் அறிவேன்.

பிறகு தாயும் சேயும் வீட்டுக்கு வருகிறார்கள். சிலருடைய சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்கிறது, அடுத்த வருடம் ஓஎல்எக்ஸில் விலைக்கு வருகிறது. வேறு சிலருடைய சைக்கிள் ஓடிக்கொண்டேயிருக்கிறது. வீட்டில் பேச்சு குறைந்துவிடுகிறது. இந்த இரண்டு முடிவுகளையும் நிறையப் பார்த்தாயிற்று. அப்பாவாகவும் இருந்து பந்தயமும் ஓட்ட முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதற்கான ஏற்பாடு குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கினால் தாமதம். தாய்வீட்டு மாதங்களிலேயே தொடங்க வேண்டும்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமால்பைஸ் மலைச் சரிவுகளில், பழைய கனமான சைக்கிள்களை உருட்டி இறக்கிய இளைஞர்களிடமிருந்து தொடங்கியது இது. சரிவில் பிரேக் பிடித்துப் பிடித்துப் பின்சக்கர அச்சிலிருந்த கிரீஸ் எரிந்து புகையும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே 1976-ல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இருபதே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், மலைச் சைக்கிள் ஒரு போட்டியாகிவிட்டது. நமக்கு அருகில் கேரளத்தின் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தது. வயநாட்டில் மானந்தவாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் 'எம்.டி.பி. கேரளா' என்ற மலைச் சைக்கிள் போட்டி நடந்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கீழே, எஸ்டேட் பாதைகளிலும் தனியார் நிலங்களிலும் நடக்கும் சின்னச் சின்னப் போட்டிகள்தான் எங்களைப் போன்றவர்களின் களம். ஐ.டி. ஊழியர், மில் சூப்பர்வைசர், பள்ளி ஆசிரியர், பல் மருத்துவர் என்று வாரம் முழுக்க வேலை பார்ப்பவர்கள் வருகிறார்கள். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், டயர் எல்லாம் கைக்காசு. கிடைப்பது ஒரு பதக்கம், மண் அப்பிய முகத்தோடு ஒரு போட்டோ, அடுத்த திங்கட்கிழமையைச் சிரமமில்லாமல் கடக்க ஒரு தெம்பு. அந்தத் தெம்பின் மதிப்பு எனக்குத் தெரியும். அதை விட்டுவிடச் சொல்ல நான் இதை எழுதவில்லை.

ஆனால் அதன் நேரக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 'கிராஸ் கன்ட்ரி' எனப்படும் சுற்றுப் பந்தயம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக வெள்ளிக்கிழமை இரவு காரில் சைக்கிளைக் கட்டி, சனிக்கிழமை பாதையைச் சுற்றிப் பார்த்து, ஞாயிறு ஓட்டி, நள்ளிரவில் வீடு திரும்புகிறோம். அதற்கு முந்தைய மாதங்களில் வாராவாரம் எட்டுப் பத்து மணி நேரப் பயிற்சி. செயின் கழுவுவது, பிரேக் பேட் மாற்றுவது தனி. மறுபக்கம், பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு பால் முடிந்து, ஏப்பம் விட வைத்து, துணி மாற்றி, தூங்கவைத்து நிமிர்ந்தால் அடுத்த பாலுக்கு நேரமாகிவிடும். இந்த இரண்டு கணக்கும் ஒரே வீட்டுக்குள் நடக்கின்றன. ஒரு அப்பாவுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது என்றால், அந்த இரண்டு மணி நேரமும் வேறு யாரோ குழந்தையை வைத்திருந்தார்கள். பெரும்பாலும் அந்த யாரோ, இன்னும் தையல் ஆறாத பச்சை உடம்புக்காரி.

மாமியார் வீட்டில் மாப்பிள்ளை

எங்கள் மகள் பிறந்தபோது மனைவி கோபிசெட்டிபாளையத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எனக்கு வேலை கோவையில். இருந்த விடுப்பையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு அங்கேயே போய்த் தங்கினேன். கொங்குப் பக்கம் மாப்பிள்ளை மாமியார் வீட்டில் ஓரிரு நாள் இருந்தால் விருந்து. வாரக்கணக்கில் இருந்தால் ஊர் கேட்கும். "ஏனக்கா, மாப்பிள்ளைக்கு வேலை ஏதாச்சும் போயிருச்சா?" என்று பக்கத்து வீட்டு அம்மா என் அத்தையிடம் உண்மையான கவலையோடு விசாரித்தார். "புள்ளையப் பாக்கறதுக்குத்தான் இருக்காரு" என்றார் அத்தை. அந்தப் பதிலில் எனக்கு அந்த வீட்டில் ஓர் இடம் கிடைத்தது.

பிரசவ வீடு பெண்களின் ராஜ்ஜியம். பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், குழந்தைக்குச் சாம்பிராணி எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆண் மருந்துக்கடைக்குப் போவான், பணம் கட்டுவான், திண்ணையில் உட்காருவான். அதைத் தாண்டி உள்ளே போக வேண்டுமென்றால் கேட்டுத்தான் போக வேண்டும். நான் குளிப்பாட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். அத்தை மணையில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, அதன் மேல் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, இளஞ்சூட்டு நீர் ஊற்றுவதை முதலில் பார்த்தேன். பிறகு தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாள் என்னையே மணையில் உட்காரவைத்தார். "கழுத்தைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க மாப்பிள்ளை, மத்ததெல்லாம் தானா வரும்." மூக்கில் ஊதுவதும் காதில் எண்ணெய் விடுவதும் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர் சொல்லியிருந்தார், அத்தை அதை மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டார். கற்றுக்கொடுப்பவரும் கற்றுக்கொள்கிற வீடு அது.

இரவில் பால் கொடுப்பது ஒன்றுதான் ஓர் ஆணால் முடியாது. மீதி எல்லாம் முடியும். தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, சேலைத் தூளியை ஆட்டுவது, மனைவிக்குச் சொம்பில் தண்ணீர் வைப்பது. சைக்கிளையும் கொண்டுபோயிருந்தேன். அம்முச்சியின், அதாவது பாட்டியின், மடியில் குழந்தை இருக்கும் காலை வேளையில் கொடிவேரிப் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் கரையோரம் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வருவேன். மலையில்லை, ஏற்றமில்லை. நெல் வயலும் தென்னையும் மண் பாதையும். அந்த ஓட்டம் போதுமானதாக இருந்தது.

இது பாசத்தைப் பற்றிய பேச்சு மட்டுமில்லை, உடலைப் பற்றியதும்கூட. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 ஆண்களை 2005-லிருந்து 2009 வரை பின்தொடர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. அந்த இடைவெளியில் துணையும் குழந்தையும் பெற்ற ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு தெளிவாக இறங்கியிருந்தது. தினம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்ட அப்பாக்களிடம், பார்த்துக்கொள்ளாதவர்களைவிட அது இன்னும் குறைவாகக் காணப்பட்டது. பந்தயக்காரர்கள் இதைக் கேட்டதும் பதறுவார்கள். பதற வேண்டாம். அது நோயில்லை, ஆணின் உடலும் பிள்ளை வளர்க்கும் வேலைக்குத் தன்னைத் திருப்பிக்கொள்வதன் அடையாளம் என்றே ஆய்வாளர்கள் அதைப் பார்க்கிறார்கள். அப்பாவின் உடல் குழந்தையோடு செலவிடும் நேரத்தோடு கட்டுண்டது என்றால், வார இறுதியில் பழக்கூடையோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் எதை இழக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு தகவல். ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான பெற்றோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வொன்று 2019-ல் வந்தது. குழந்தை பிறந்த முதல் மூன்று மாதங்களில் தாய்மார்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கத்தை இழக்கிறார்கள். தந்தையர் இழப்பது ஏறக்குறைய கால் மணி நேரம். இருவருக்குமே தூக்கம் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்ப ஆறு ஆண்டுகள்கூடப் போதவில்லை. "புள்ளை வந்ததுலேர்ந்து தூக்கமே இல்லைடா" என்று டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துவைத்துப் பேசும்போது இந்த இரண்டு அளவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பதின்மூன்று நிமிடங்கள்

ஓட்டாமல் விட்டால் என்ன ஆகும்? உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை 'விஓ2 மேக்ஸ்' என்பார்கள். தாங்குதிறன் விளையாட்டுகளுக்கு அதுதான் அடித்தளம். 1984-ல் எட்வர்ட் காயில் என்ற ஆய்வாளரின் குழுவினர், நன்கு பயிற்சி பெற்றவர்களைப் பயிற்சியை முழுக்க நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். மூன்று வாரத்துக்குள் 7 சதவீதம் இறங்கியது. பன்னிரண்டு வாரத்தில் 16 சதவீதம். புது அப்பாக்களை அச்சுறுத்துவது இந்தச் சரிவுதான்.

அதே காலகட்டத்தில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார். பயிற்சியை நிறுத்தாமல் குறைத்தால்? வாரத்தில் ஆறு நாள், தினம் 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்து பழகியவர்களை, 26 நிமிடத்துக்கோ 13 நிமிடத்துக்கோ குறைக்கச் சொன்னார். கடுமை மட்டும் குறையக் கூடாது. பதினைந்து வாரம் கழித்தும் விஓ2 மேக்ஸ் அப்படியே இருந்தது. ஆறு நாளை இரண்டு நாளாகக் குறைத்தவர்களுக்கும் அப்படியே. நேரத்தையும் நாளையும் மாற்றாமல் கடுமையைத் தளர்த்தியவர்களுக்குத்தான் இறங்கியது. ஒரு குறிப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 13 நிமிடக்காரர்களின் நீண்ட நேரத் தாங்குதிறன் குறைந்துபோனது.

குழந்தையின் முதல் வருடத்தில் ஒரு பந்தயக்காரருக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு இல்லை என்பேன். ஒன்றரை மணி நேரச் சுற்றுப் பந்தயத்தை வைத்துக்கொள்ளுங்கள். அறுபது, நூறு கிலோமீட்டர் மாரத்தான் பந்தயங்களை ஒத்திவையுங்கள். அவற்றுக்கு வேண்டிய ஐந்து மணி நேர ஓட்டங்களைக் கொடுக்க அந்த வருடத்தில் யாரிடமும் நேரமில்லை. மகளும் மனைவியும் கோவைக்கு வந்த பிறகு என் பயிற்சி இப்படித்தான் அமைந்தது. குழந்தை தூங்கும் பகல் நேரத்தில் அல்லது மாலையில், வீட்டிலேயே, சைக்கிளை நின்ற இடத்தில் ஓட்ட உதவும் டிரெய்னரில் பின்சக்கரத்தைப் பூட்டி, சூடேறுவதற்குச் சில நிமிடம், பிறகு மூச்சு முட்டும் சிறு ஓட்டங்கள், பிறகு ஆறுதல். வாரத்தில் இரண்டு முறை போதும். ஞாயிறு ஒரு வெளி ஓட்டம், அதுவும் காலை டிபனுக்கு முன்னால் முடிவது. இரவு சரியாகத் தூங்காத நாளில் கடும் பயிற்சி கிடையாது. குழந்தை தவழத் தொடங்கியதும் டிரெய்னர் கதவு சாத்திய அறைக்குப் போய்விட்டது. சுழலும் சக்கரத்திலும் செயினிலும் பிஞ்சு விரல் சிக்கினால் என்ன ஆகும் என்பதை எந்த அப்பாவும் நினைத்துப் பார்த்துவிட்டே பெடலை மிதிக்க வேண்டும்.

பிள்ளையைச் சைக்கிளில் எப்போது ஏற்றுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் அப்பாக்கள் முன்கம்பியில் கூடைச் சீட்டு மாட்டி ஊரெல்லாம் சுற்றியவர்கள்தான். ஒரு வயதுக்கு முன் வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. தானாக நிமிர்ந்து உட்காரவும், ஹெல்மெட்டின் எடையைக் கழுத்து தாங்கவும் வேண்டும். அதன் பிறகும் தெருவும் பூங்காவும்தான், மலைப் பாதை இல்லை.

விழுவதைப் பற்றி

மலைச் சைக்கிளில் விழாதவர் இல்லை. விழும்போது கையை ஊன்றுவோம், அதிர்ச்சி தோளுக்கு ஏறும், காறை எலும்பு முறியும். சைக்கிள் ஓட்டுபவர்களிடம் அடிக்கடி காணும் முறிவு அது. வாரக்கணக்கில் கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அது வீரக் கதை. கைக்குழந்தை உள்ள வீட்டில், அது குழந்தையைத் தூக்க முடியாத அப்பா. மனைவிக்கு ஒரு பிள்ளையோடு இன்னொருவரையும் பார்த்துக்கொள்ளும் வேலை. வருமானம் தினக்கூலியாக இருந்தால் அடுப்புக்கே சிக்கல்.

பந்தயப் பாதைகளை அமைப்பவர்கள் கடினமான பாறை இறக்கங்களில் இரண்டு வழி வைப்பதுண்டு. 'ஏ லைன்' செங்குத்தானது, சீக்கிரம் முடிவது. 'பி லைன்' சுற்றிவருவது, சில நொடிகள் தின்பது. நான் இப்போது பி லைனில் போகிறேன். அந்த நொடிகளை ஏற்றத்தில் பிடித்துக்கொள்ளலாம், பிடிக்க முடியாமலும் போகலாம். ஹெல்மெட், முழங்கால் கவசம், பிரேக் பரிசோதனை எல்லாம் முன்பும் செய்தவைதான். இப்போது ஒன்றைக்கூட விடுவதில்லை.

கோவைக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மருதமலை, தடாகம், சிறுவாணி சாலை, ஆனைக்கட்டி என்று நாம் ஆசைப்படும் அடிவாரமெல்லாம் யானைகளின் நடமாட்டப் பகுதி. விடியலுக்கு முந்தைய இருட்டும் அந்தி நேரமும் அவை உலவும் நேரம். வேலைக்குப் போகும் அப்பாவுக்கு ஓட்டக் கிடைக்கும் நேரமும் அவையே. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது எப்போதும் தவறு. அனுமதி தேவைப்படாத ஓரப் பாதைகளிலும் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே போக வேண்டும், தனியாகப் போகக் கூடாது, எந்தப் பாதை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் அப்பாவின் பக்கம். இனி அம்மாவின் பக்கம். கனடாவின் கேத்தரின் பெண்ட்ரல் 2016 ரியோ ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளில் வெண்கலம் வென்றவர். 2021 ஜனவரியில் அவருக்கு மகள் பிறந்தாள். அதே ஆண்டு ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டினார். நார்வேயின் குன்-ரீட்டா டாலே 2004 ஏதென்ஸில் தங்கம் வென்றவர். 2009-ல் மகன் பிறந்த பிறகும் லண்டன், ரியோ என்று இரண்டு ஒலிம்பிக்குகளுக்குப் போனார். தாங்களே சுமந்து, பெற்று, பாலூட்டியவர்கள் இவர்கள். அவர்களுக்குப் பயிற்சியாளரும் ஆதரவும் இருந்தன, உண்மை. ஆனாலும் பிள்ளை பெற்ற களைப்பைப் பற்றி ஓர் அப்பா பேசத் தொடங்குமுன் இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மனநிலையும் இதில் சேர்ந்தது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-ல் வெளிவந்த கட்டுரை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு தாய்மார்களில் ஏறக்குறைய 22 சதவீதம் பேருக்கு இருப்பதாகச் சொல்கிறது. ஐந்தில் ஒருவருக்கு மேல். தந்தையருக்கும் உண்டு: பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010-ம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் அந்த அளவு 10 சதவீதம் சொச்சம். புது அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவதை வெறும் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் கண்டிக்கும்போது நான் அவர் பக்கம்தான் நிற்பேன். அவருக்கு அது வேண்டும். அதே காரணத்தால், அவருடைய மனைவிக்கும் அதற்குச் சமமான நேரம் வேண்டும், முதலில் வேண்டும்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை அவளுடையது. அவள் முன்பு பேட்மின்டன் ஆடியவள். ஆரம்ப மாதங்களில் மட்டையைத் தொடவில்லை. "எனக்கு இப்ப விளையாட்டெல்லாம் வேண்டாங்க, யாரும் எழுப்பாமத் தூங்கணும், அவ்வளவுதான்" என்றாள். கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினாள். பிழிந்து வைத்த பாலைப் பாலாடையில் புகட்டக் கற்றுக்கொண்டேன். மாதங்கள் போனபின் அவளாகவே மட்டையை எடுத்தாள். சனிக்கிழமை நடந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். சனிக்கிழமை எனக்கு அலுவலக வேலை வந்துவிட்டால் ஞாயிறும் அவளுக்கே போகும். பந்தய வாரத்தில் நான் இரண்டு நாள் வெளியூர் போனால், அடுத்த வார இறுதி முழுக்கக் குழந்தை என்னோடு. இதைக் காலண்டரில் எழுதிவைத்திருக்கிறோம். எழுதாவிட்டால் மறப்பது எப்போதும் அவளுடைய பங்காகத்தான் இருக்கும்.

சட்டமும் இதற்கு உதவ வேண்டும். 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம். மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை; நிறுவனம் மனம் வைத்தால் உண்டு. குழந்தையைத் தூக்கவே தெரியாமல் ஓர் ஆண் அலுவலகம் திரும்புவதற்கு அவனுடைய சோம்பல் மட்டும் காரணமில்லை.

சைக்கிள் குழுக்களும் பந்தயம் நடத்துபவர்களும் தங்களால் முடிந்ததைச் செய்யலாம். முப்பது வயதைத் தாண்டியவர்களின் சுற்றை மதியத்துக்குத் தள்ளாமல் காலை முதல் பந்தயமாக வைத்தால் பலர் உச்சிக்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். ஒரே நாளில் பாதையைப் பார்த்து ஓட்டி முடிக்கும்படி உள்ளூர்ப் போட்டிகள் அதிகம் வேண்டும். குடும்பத்தோடு வருபவர்களுக்கு நிழலும் குடிநீரும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும். தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டுவதற்கென்று 2015-ல் அறைகள் திறந்தார்கள். பந்தய மைதானத்தில் அப்படி ஓர் அறைக்கு நான்கு கம்பும் திரைத்துணியும் ஒரு நாற்காலியும் போதும். அது இருந்தால் வேடிக்கை பார்க்க வரும் மனைவிகளுக்கு மட்டுமல்ல, ஓட்ட வரும் தாய்மார்களுக்கும் ஆகும். இப்போது பெண்கள் பிரிவில் பல போட்டிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்களே நிற்கிறார்கள். அந்த வரிசை நீள வேண்டுமென்றால், அவர்கள் ஓட்டும்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு நிற்க அப்பாக்கள் வர வேண்டும். அடுத்த பருவத்துக்கான அறிவிப்புகள் வரத் தொடங்கும்போதே இதை ஏற்பாட்டாளர்களிடம் கேட்போம்.